ஏழாம் நம்பர் மெஷினில் எர்மெஸ்

எர்மெஸ் மனிதர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். முகமெல்லாம் அவருக்கு அப்புறம்தான். ஒருமுறை சந்தையில் பூசணிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நெரீனா அவருக்கு வணக்கம் சொன்னாள். எங்கள் ஊர் மேடையில் பதினான்கு வருஷம் ராணியாகவும் விதவையாகவும் பாடியவள் அவள். இவர் யாரோ என்று விழித்தார். பிறகு குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"அட, நெரீனாவா. இடது குதிகால் தேஞ்சு கெடக்கே, மாத்தக் கூடாதா?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேடையின் முன்விளிம்பில், நட்ட நடுவில், ஒரு பொந்து உண்டு. சபைக்குத் தெரியாமல் இருக்க அதற்கு முன்னால் ஒரு வளைந்த பலகை மூடி. கழுத்தளவு அதற்குள் இறங்கி உட்கார்ந்து, ஆபரா என்கிற பாட்டு நாடகத்தில் பாடுகிறவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. பாடுகிறவன் மூச்சை இழுக்கும்போதே அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை அவன் காதில் போட்டுவிட வேண்டும். அது அவனுக்குக் கேட்க வேண்டும். முதல் வரிசையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கேட்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அந்த அம்மாளுக்குக் கேட்டதில்லை. எர்மெஸுக்கு உலகத்தில் இருந்த ஒரே கர்வம் அதுதான்.

நான் அதே தியேட்டரில் உடுப்பு அறைத் தையல்காரி. எனக்கு எழுத்து தெரியாது. அவர் மடியில் விரித்து வைக்கும் தடிப் புத்தகம் என் கண்ணுக்கு எறும்புச் சாரைதான். ஆனால் எந்தக் கதையில் எந்த இடத்தில் யாருக்குத் தையல் பிரியும் என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதனால் அவர் என்னை மதித்தார். நானும் அவரை மதித்தேன், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் தவிர மற்ற இடங்களில். அங்கே உட்கார்ந்தால் பேச விடமாட்டார். நாம் வாயைத் திறக்கும் முன்பே நம் வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லைச் சொல்லிவிடுவார். அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு வாக்கியத்தக் கூட நானா ஆரம்பிச்சதில்ல, இயோலே. சண்டை போடணும்னாக்கூட அவருதான் எனக்கு எடுத்துக் குடுக்கறாரு."

என் மகள் கல்யாணத்தில் இன்னும் மோசம். பாதிரியார் கேட்டார். மாப்பிள்ளை எச்சில் விழுங்கினான். அவ்வளவுதான், இரண்டாம் வரிசையிலிருந்து எர்மெஸ் அடியெடுத்துக் கொடுத்துவிட்டார்: "சம்மதம்." மாப்பிள்ளையும் பழகியவன் மாதிரி அதை அப்படியே திருப்பிச் சொன்னான். இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை வந்தால் என் மருமகன், "நானா சொன்னேன், எர்மெஸ்தானே சொன்னாரு" என்பான்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் டீட்மார் வேண்டாம் என்றார்.

டீட்மார் ஜெர்மனியிலிருந்து வந்த டைரக்டர். நாற்பது வயது இருக்கும். மே மாதத்திலும் கறுப்புக் கம்பளிச் சட்டை. இருநூற்றைம்பது வருஷத்துப் பழைய ஆபரா ஒன்றைப் புதிதாக மேடையேற்ற எங்கள் தியேட்டர் நிர்வாகி கல்வானி அவரை வரவழைத்திருந்தார். கதை எளிதுதான். த்ராகியா தேசத்து ராஜா சந்தேகப்பட்டு ராணியைக் கொல்லச் சொல்லிவிடுகிறான். அவள் சாகவில்லை, சிப்பாய் வேஷத்தில் திரும்பி வருகிறாள். ராஜா மூன்று அங்கம் முழுக்கத் தப்பை ஒத்துக்கொள்ளாமல் பாடிக்கொண்டே இருக்கிறான்.

முதல் நாள் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, அட்டையில் செய்த மேடை மாதிரி ஒன்றை டீட்மார் திறந்து காட்டினார். அரண்மனை இல்லை. தூண் இல்லை. வரிசையாகப் பதினோரு வாஷிங் மெஷின்.

"இது என்னதுங்க?" என்று கேட்டேன்.

"லாண்டரி. காசு போட்டால் துவைக்கும். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு," என்றார். வெளியூர்க்காரர் என்பதால் புத்தகம் படிப்பது போலத்தான் பேசுவார். "ராஜா இதன் முதலாளி. தன் குற்றத்தை ஒவ்வொரு இரவும் துவைக்கிறான். கறை போகவில்லை."

"ராஜா எதுக்குங்க தானே துவைக்கணும்? ஆள் வெச்சுக்க மாட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீட்மார் சிரிக்கவில்லை. எனக்கோ ஒருவர் சிரிக்காவிட்டால் விடமுடியாது. நான் சின்ன வயதில் பார்த்ததையெல்லாம் சொன்னேன்: கயிற்றில் இறங்கும் தெய்வம், பஞ்சு ஒட்டிய மேகம், பீப்பாயைச் சுற்றினால் அலையடிக்கும் கடல். "அதுதாங்க ஆபரா" என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இதை எழுதியவர் காலத்தில் ராஜாவுக்கு என்ன உடை போட்டார்கள்?" என்றார்.

"பொடி போட்ட விக், இறகுத் தொப்பி, வெள்ளைக் காலுறை."

"த்ராகியாவில் வெள்ளைக் காலுறை உண்டா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அவர்களுக்கும் தெரியாது. தங்கள் காலத்து உடையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாடினார்கள். நானும் அதையேதான் செய்கிறேன்."

அது சரி மாதிரி பட்டது. அதனால் கோபம் வந்தது.

அப்புறம்தான் அவர் அட்டை மேடையின் முன்விளிம்பில் விரலை வைத்தார். எர்மெஸின் பொந்து இருக்க வேண்டிய இடம் வழுவழு என்று மூடியிருந்தது. "லாண்டரியில் தரையில் ஓட்டை இருக்காது" என்றார். "மேலும், இந்த ஆபராவில் ஒரு பாட்டுக்கு நாலு வரி. அதையே கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள். இதற்கு எதற்கு அடியெடுத்துக் கொடுப்பவர்?"

எர்மெஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ரோடு நேராப் போனா எவனும் தொலைய மாட்டான், டைரக்டர் ஐயா. இது வட்டமாப் போற பாட்டு. முதல் பகுதி, நடுப் பகுதி, திரும்ப முதல் பகுதி. எந்தச் சுத்துல நிக்கிறோம்னு பாடறவனுக்கே தெரியாமப் போயிடும்."

நிர்வாகி கல்வானி எர்மெஸைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். தியேட்டரில் எல்லோருக்கும் அவர் மேஸ்ட்ரோ, அதாவது வாத்தியார். கெட்ட சேதி சொல்லும்போது மட்டும் கல்வானியின் குரல் பாயசம் மாதிரி இருக்கும். "மேஸ்ட்ரோ, மத்த ஊர் தியேட்டர்லயெல்லாம் இப்ப இந்த வேலையே இல்லை பாருங்க. இந்த ஆபரா நீங்க இல்லாம நல்லபடியா நடந்துட்டா, அடுத்த வருஷத்துலேருந்து நாமளும் பொந்தை மூடிடலாம்னு ஒரு யோசனை. சும்மா யோசனைதான்."

எங்கள் ஊரில் கல்வானி யோசித்தால் முடிந்தது என்று அர்த்தம்.

எர்மெஸ் இரண்டு நாள் பேசவில்லை. அவர் மனைவி பயந்துபோனாள். இரண்டு நாளாகத் தானே வாக்கியம் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதே என்று அழுதாள். மூன்றாம் நாள் அவர் உடுப்பு அறைக்கு வந்து, "இயோலே, அந்த மெஷினு நெசமானதா, அட்டையா?" என்றார்.

"நெசந்தான். பழைய சாமான். உள்ள இருக்கற உருளையக் கழட்டிட்டாங்க, கனம்னு."

"உள்ள எடம் இருக்குமா?"

அவரை மேலும் கீழும் பார்த்தேன். எர்மெஸ் ஒல்லி இல்லை. பூசணிக்காய் பூரணம் வைத்த தொர்தெல்லிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் மிதக்கவிட்டுச் சாப்பிடுகிற ஆள். "மூச்ச வெளிய விட்டுட்டு உக்காந்தா இருக்கும்" என்றேன்.

டீட்மார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராஜா வேஷக்காரன் மன்லியோ காப்பாற்றினான். மலைமாதிரி ஆள், குரல் மட்டும் பெண்களைவிட உயரத்தில் பறக்கும். அந்தக் காலத்து ஆபராவில் ராஜாக்கள் அப்படித்தான் பாடினார்களாம். ஞாபக சக்தி அவனுக்குக் கோழிக்கு இருக்கும் அளவு. "மேஸ்ட்ரோ இல்லேன்னா நான் பாடல. என் அம்மா பேரையே அவருதான் எடுத்துக் குடுக்கணும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நெரீனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் டீட்மார் ஒத்துக்கொண்டார்.

ஏழாம் நம்பர் மெஷின் எர்மெஸுக்கு. கதவின் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கறுப்பு வலை தைத்தேன். உள்ளே மெத்தை தைத்தேன். புத்தகம் பார்க்க, சபைப் பக்கம் நீலமாகத் தெரிகிற மாதிரி ஒரு குட்டி விளக்கு. கதவு சரியாகச் சாத்தினால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பதால், ஒருச்சாய்த்தே வைப்பதென்று பேச்சு. கோரஸ் பெண்கள் துணி திணிக்கிற காட்சி ஒன்று உண்டு. அந்த ஒரு மெஷினில் மட்டும் திணிக்கக் கூடாது. அதற்கு அடையாளமாக டீட்மாரின் உதவியாளர் கதவோரம் ஒரு பட்டை ஒட்டினார். டீட்மார் துணியெல்லாம் நிஜமாகவே ஈரமாக இருக்க வேண்டும் என்று வேறு உத்தரவு போட்டிருந்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒத்திகையில் ஒருநாள் என் பிடிவாதம் கொஞ்சம் ஆடியது. ராணி தன் புருஷனுடைய சட்டையை எடுத்து மடிக்கிற இடம். நெரீனா அதைக் கொடியை மடிப்பதுபோல மடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மேடையேறிப் போய், "இப்படி இல்லடி. உன்னக் கொல்லச் சொன்னவன் சட்டை. மொதல்ல காலரத் தடவிப் பாரு, அழுக்கு போச்சான்னு. பழக்கம் விடாது பாரு. அப்புறம் மடி" என்றேன். அவள் தடவினாள். வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீட்மார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரண்மனையில் இந்தக் காட்சியை வைக்க முடியாது என்று எனக்கும் புரிந்தது. ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் வந்தது. திரை தூக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், மெத்தை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒத்திகை வெளிச்சத்தில் அந்தப் பட்டை பழுப்பாகத் தெரிந்தது. இப்போது முழு வெளிச்சம். அது ஊதா.

ஊதா. மேடையில். முதல் ஆட்டத்தன்று.

தவக்காலத்தில் பாதிரியார்கள் உடுத்துகிற நிறம் அது. அந்த நாற்பது நாளும் அந்தக் காலத்தில் தியேட்டரை மூடிவிடுவார்கள். பாடுகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் மேடையில் ஊதா நூல்கண்டு கூட வைத்திருக்க மாட்டோம். ஜெர்மன்காரருக்கு என்ன தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அதை உரித்து, உருட்டி, பின்வாசல் வழியாகத் தெருவில் எறிந்தேன். பதிலுக்கு ஒரு வெள்ளை நாடா கட்டிவிடலாம் என்று அறைக்கு ஓடினால், அங்கே நெரீனா கிழிந்த சட்டைக் கையோடு நிற்கிறாள். தைத்தேன். தைத்து முடிப்பதற்குள் திரை ஏறிவிட்டது.

முதல் அங்கம் நன்றாகவே போனது. இரண்டாம் அங்கத்தில் துணி திணிக்கிற காட்சி. கோரஸ் பெண்கள் ஈரத்துணிக் கூடையோடு வந்தார்கள். ஒர்னெல்லா என்று ஒருத்தி, கையில் வலு உள்ளவள். பட்டையைத் தேடினாள், காணவில்லை. குத்துமதிப்பாக ஒரு மெஷினைத் திறந்தாள். அது ஏழாம் நம்பர். நான் பக்கத்திரை மறைவிலிருந்து கையை ஆட்டினேன். அவள் நானும் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உள்ளே பார்க்காமலே திணித்தாள்: ஒரு ஈரச் சட்டை, ஒரு துப்பட்டி, இன்னொரு துப்பட்டி. கடைசியில் இடுப்பால் ஒரு இடி. கதவு டக்கென்று சாத்திக்கொண்டது.

அடுத்தது மன்லியோவின் பெரிய பாட்டு.

முதல் பகுதியில் ராஜா, "என் கை சுத்தம், என் கை சுத்தம்" என்கிறான். நடுப் பகுதியில் உடைந்துபோய், "நான்தான் அவளைக் கொன்றேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மன்லியோ முதல் பகுதியை வெண்ணெய் போலப் பாடி முடித்தான். மூச்சை இழுத்தான். ஏழாம் நம்பரைப் பார்த்தான். அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை. கண்ணாடி இருந்த வட்டத்தில் ஒரு துப்பட்டிதான் தெரிந்தது.

அவன் திரும்பவும் "என் கை சுத்தம்" என்று ஆரம்பித்தான். வாத்தியக்காரர்கள் கெட்டிக்காரர்கள்; கூடவே திரும்பினார்கள். இரண்டாம் சுற்று முடிந்தது. மூச்சை இழுத்தான். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவையும் கை சுத்தமானது.

எங்கள் தியேட்டரின் மேல்மாடியில் உட்காருகிறவர்கள் கசாப்புக்காரர், சவரக்காரர், பாலாடைக்கட்டி செய்கிறவர்கள். ஒரு சுரம் தப்பினாலும் விடமாட்டார்கள். பாலாடைக்கட்டிக்கார பிரிமோவின் குரல் இறங்கியது: "டேய் மன்லியோ, எத்தன வாட்டிடா அலசுவ? பிழிஞ்சு காயப் போடுடா."

சபை சிரித்தது. மன்லியோவின் முகம் வெளுத்தது. கல்வானி தன் இருக்கையில் சறுக்கிச் சறுக்கித் தலை மட்டும் தெரிந்தார். நான் ஜெபமாலையைத் தேடினேன். கையில் ஊசிப்பெட்டிதான் இருந்தது.

அப்போது ஏழாம் நம்பர் மெஷின் குலுங்கியது. ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது உதையில் அதன் முன்தகடு முழுசாகப் பிய்ந்து தடாலென்று மேடையில் விழுந்தது. உள்ளேயிருந்து எர்மெஸ் தவழ்ந்து வந்தார். தலையில் ஈரச் சட்டை. தோளில் துப்பட்டி. எழுந்து நின்று, வாயில் இருந்த சட்டைக் கையைத் துப்பிவிட்டு, முப்பத்தொரு வருஷமாக முணுமுணுத்தே பழகிய மனிதர், முழுக் குரலில் சொன்னார்:

"நான்தான் அவளைக் கொன்றேன்."

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து மாடு கூப்பிட்ட மாதிரி இருந்தது. மன்லியோ மண்டியிட்டான். அதே சொல்லைப் பறவைக் குரலில் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவன் பாடியது போல அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. எர்மெஸ் அங்கேயே சொட்டச் சொட்ட நின்று, ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுத்துவிட்டு, மெஷினுக்குள் பின்பக்கமாகத் தவழ்ந்து போனார்.

பிறகு மேல்மாடியிலிருந்து பிரிமோ: "அப்பாடா, ஒருத்தனாவது ஒத்துக்கிட்டான்." கைதட்டலில் மேடைத் தூசி கிளம்பியது.

ஆட்டம் முடிந்து எர்மெஸ் என் அறையில் ராஜாவின் குளியல் அங்கியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். "முடிஞ்சுது, இயோலே. மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டிக்குக் கேட்டுடுச்சு."

"ஊருக்கே கேட்டுது. தப்பு எம்மேலதான். பட்டைய நாந்தான் பிச்சேன்."

அவர் என்னை முறைத்தார். "ஏன் பிச்ச?"

"ஊதா."

"ஊதாவா?" அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அப்ப நானா இருந்தாலும் பிச்சிருப்பேன்."

மறுநாள் மதியம் நெரீனா மிலான் பத்திரிகையை எடுத்து வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். டைரக்டரின் மேதைமை என்று ஆரம்பித்தது. ராஜா மூன்று முறை தன் குற்றத்தைத் தட்டிக் கழிக்கிறான். நான்காவது முறை அவனுடைய மனசாட்சியே அழுக்குத் துணியின் நடுவிலிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பருத்த, ஈரமான, வழுக்கை விழுந்த மனசாட்சி. பழைய ஆபராவை இப்படி யாரும் புரிந்துகொண்டதில்லை என்று எழுதியிருந்தது.

"வழுக்கைன்னா போட்டிருக்கான்?" என்றார் எர்மெஸ்.

அப்போது டீட்மாரும் கல்வானியும் வந்தார்கள். டீட்மார் என் தையல் மெஷினைப் பார்த்தபடி பேசினார். "இது என் யோசனையா என்று நிருபர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்."

"மீதி நாலு ஆட்டமும் நெறஞ்சு போச்சு, மேஸ்ட்ரோ," என்றார் கல்வானி. பாயசக் குரல். "எல்லாரும் மனசாட்சியப் பாக்கத்தான் வர்றாங்க. தினம் நீங்க வெளிய வரணும்."

"வரமாட்டேன். நான் கண்ணுக்குத் தெரியற ஆள் இல்ல. காதுக்குத் தெரியற ஆளும் இல்ல."

"நான் கேட்டுக்கொள்கிறேன்," என்றார் டீட்மார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நான் இதை யோசிக்கவில்லை. ஆனால் யோசித்திருக்க வேண்டும். அது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அது சரியான காட்சி."

இதுதான் சமயம் என்று நான் எர்மெஸின் காலை மிதித்தேன். அவர் கல்வானியைப் பார்த்து, "நாலு ஆட்டம் வர்றேன். அஞ்சாவது நாள் தச்சன வரச்சொல்லி என் பொந்தத் திருப்பி வெட்டணும். பழைய அளவு வேண்டாம். ரெண்டு சாண் அகலம் கூட. நான் இருக்கறவரைக்கும் அத மூடறதப் பத்தி யாரும் யோசிக்கக் கூடாது. சும்மா யோசனையும் கூடாது" என்றார். கல்வானி அங்கேயே, நான் துணி வெட்டுகிற மாதிரித் தாளின் பின்பக்கத்தில், எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நெரீனா படித்துப் பார்த்துச் சரி என்றாள்.

இரண்டாம் ஆட்டம். மன்லியோ வேண்டுமென்றே மூன்று சுற்றுச் சுற்றினான். மெஷின் குலுங்கியது. தகடு விழுந்தது. எர்மெஸ் எழுந்து நின்றார். சபையைப் பார்த்தார்.

முதல் நாள் கண்ணில் சட்டை தொங்கியது, ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்தது. எண்ணூறு முகம். ஒரு செருப்பு கூட இல்லை. எர்மெஸ் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். ஒவ்வொருத்தர் வாக்கியத்தையும் முன்கூட்டியே அறிந்த மனிதருக்குத் தன்னுடைய ஒரே வாக்கியம் மறந்துபோயிற்று. மேல்மாடியில் பிரிமோ இருமுவது கேட்டது. இன்னொரு நொடி போனால் பொந்தும் போயிற்று, தாளும் போயிற்று.

மன்லியோ மண்டியிட்டான், முதல் நாளைவிட முன்னதாகவே. கையால் முகத்தை மூடி அழுகிறவன் போல, விரல் இடுக்கு வழியாக, உதடு அசையாமல் சொன்னான்: "நான்தான் அவளை."

தன் அம்மா பேரைக்கூட மறக்கிறவன். இது மட்டும் அவனுக்கு அன்றைக்கு ஞாபகம் இருந்தது. எர்மெஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு மீதியைச் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் மனைவி முதல் வரிசையில் மூக்கைச் சிந்தினாள்.

உள்ளே வந்ததும் எர்மெஸ் மன்லியோவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "ரொம்ப மெதுவாச் சொன்னடா. எனக்கே பாதிதான் கேட்டுது."

"நீங்க குடுக்கறது எனக்கு என்னிக்கு முழுசாக் கேட்டுருக்கு, மேஸ்ட்ரோ? கொஞ்சம் உங்க வாயப் பாத்து நானா புரிஞ்சுக்கறேன்."

எர்மெஸ் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். அன்று முதல் அவர் கொஞ்சம் சத்தமாகவே கொடுக்க ஆரம்பித்தார்.

மீதி மூன்று ஆட்டமும் கண்ணை மூடிக்கொண்டே வந்து போனார். அடுத்த நாள் காலையில் தச்சன் மேடையை அறுக்கும்போது, எர்மெஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொட்டியும் சலாமியும் தின்றுகொண்டு, "இன்னும் ஒரு விரக்கடை, இன்னும் ஒரு விரக்கடை" என்று வெட்ட வைத்தார். பிறகு இறங்கி உட்கார்ந்து பார்த்தார். முழங்கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டீட்மாரின் ஷூவை அங்கிருந்தே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "நல்ல தோல்தான். லேஸ்தான் அவுந்திருக்கு" என்றார். டீட்மார் குனிந்து கட்டிக்கொண்டார்.